கத்தாரா, ஓமானா, கிஷ் தீவா? ஈரான் அணுப் பூசலுக்கு நடுவே வேலைக்குப் போகும் நாட்டைத் தேர்ந்தெடுத்தல்

2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கத் தொடங்கியபோது, இராமநாதபுரம் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு நாள்தான் மீதமிருந்தது. மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகளுக்கு ஐஸும் டீசலும் ஏறிக்கொண்டிருந்த வேளையில், கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பனைக்குளத்திலும் இருந்து கத்தாரின் தலைநகர் தோஹாவுக்கும் குவைத்துக்கும் ஈரானின் கிஷ் தீவுக்கும் இடைவிடாமல் அழைப்புகள் போய்க்கொண்டிருந்தன. பன்னிரண்டு நாளில் போர் ஓய்ந்தது. விசா வருவது நிற்கவில்லை. எந்த விசாவை எடுப்பது என்ற கேள்வியும் நிற்கவில்லை.

தேவிபட்டினத்தில் ஒரு தந்தையின் மகனுக்குத் தோஹாவில் ஓட்டுநர் வேலையும் ஓமானின் சலாலாவில் கடை வேலையும் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. தோஹாவில் சம்பளம் கூடுதல். தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர், இலங்கைக் கடற்படையிடம் படகைப் பறிகொடுத்த பிறகு, ஈரான் பக்கம் பங்குக்கு மீன்பிடிக்கப் போகலாமா என்று கேட்கிறார். சபுராளிக் குடும்பங்களில், அதாவது அயல்நாட்டில் பிழைக்கப் போவோரின் வீடுகளில், இப்படிப்பட்ட கேள்விக்கு இதுவரை இருந்த விடை, "நம்ம மாமு அங்கதான இருக்காரு" என்பதுதான். அது மோசமான அளவுகோல் அன்று. ஆளறிந்த இடம் பாதிப் பாதுகாப்பு. ஆனால் மாமு இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் எந்த நாட்டின் விமானத்தளம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 2025ஆம் ஆண்டு முடிய நடந்தவற்றை வைத்துக்கொண்டு இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன்.

## பூசலுக்குப் பின்னால் நிற்பவர்கள்

ஈரானின் அணுத் திட்டத்துக்கு வித்திட்டதே அமெரிக்காதான். 1957இல் மன்னர் ஆட்சியோடு ஒப்பந்தம் போட்டு, 1967இல் டெஹ்ரானில் இயங்கத் தொடங்கிய ஆய்வு உலையைக் கொடுத்தது அது. புஷெர் மின்நிலையத்தை மேற்கு ஜெர்மானியர் 1975இல் கட்டத் தொடங்கி, 1979 புரட்சிக்குப் பின் கைவிட்டனர். 1995இல் ரஷ்யா ஒப்பந்தம் செய்து கட்டி முடிக்க, 2011இல் அங்கிருந்து மின்சாரம் வந்தது. நம் கூடங்குளத்தில் இருப்பதும் அதே ரஷ்ய வகையைச் சேர்ந்த 1,000 மெகாவாட் உலைதான்.

நத்தான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் (அணு எரிபொருளுக்கோ குண்டுக்கோ பயன்படும் வகையின் பங்கைக் கூட்டும்) ஆலை இருப்பது 2002இல் வெளியானதும் தகராறு தொடங்கியது. இன்று மறக்கப்பட்ட ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும்: 2006 முதல் 2010 வரை ஐ.நா. பாதுகாப்பு அவை ஈரான் மீது அடுத்தடுத்துத் தடை விதித்தபோது ரஷ்யாவும் சீனாவும் அவற்றுக்கு ஆதரவாகவே வாக்களித்தன. ஈரானின் அணுத் திட்டத்துக்கு வரம்பிட்ட 2015 ஒப்பந்தத்திலும் அவை கையெழுத்திட்டன. செறிவு 3.67 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, கையிருப்பு 300 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அதன் சாரம். 2018 மே மாதம் டிரம்ப் அதிலிருந்து அமெரிக்காவை விலக்கிக்கொண்டார். ஈரான் படிப்படியாக வரம்புகளை மீறி, 2021இல் 60 விழுக்காட்டுச் செறிவுக்குப் போனது. 2025 ஜூன் நடுவில் அந்தச் செறிவில் மட்டும் சுமார் 440 கிலோ அதன் கையில் இருந்ததாகச் சர்வதேச அணுசக்தி முகமை கணக்கிட்டது. குண்டுக்குத் தேவையானது 90 விழுக்காடு அளவிலான செறிவு.

இந்த இடைவெளியில் வல்லரசுகளின் அணி மாறிவிட்டது. 2021இல் சீனாவோடு 25 ஆண்டு ஒப்பந்தம், 2023இல் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு, 2024இல் பிரிக்ஸ், 2025 ஜனவரியில் ரஷ்யாவோடு கூட்டுறவு ஒப்பந்தம் என்று ஈரான் கிழக்கே சாய்ந்தது. அது ஏற்றுமதி செய்யும் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கைச் சீனாதான் தள்ளுபடி விலையில் வாங்குகிறது. ஆனால் 2025 ஜூன் 22 அன்று அமெரிக்கா ஃபோர்தோ, நத்தான்ஸ், இஸ்ஃபஹான் ஆகிய மூன்று அணு நிலையங்களையும் தாக்கியபோது, மாஸ்கோவும் பெய்ஜிங்கும் கண்டன அறிக்கையோடு நின்றுகொண்டன. ரஷ்ய ஒப்பந்தத்தில், ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் போருக்கு வரவேண்டும் என்ற விதியே கிடையாது. சீனா சவூதியிடமும் கத்தாரிடமும் அமீரகத்திடமும் எரிபொருள் வாங்குகிற நாடு. வளைகுடாவின் ஒரே கடல்வாசலான ஹோர்முஸ் நீரிணை அடைபட்டால் முதலில் மூச்சு முட்டுவது அதற்குத்தான். ரஷ்யாவுக்கோ எண்ணெய் விலை ஏறினால் நட்டமில்லை. இந்தப் பூசல் தீர்வதைவிட, தீராமலும் வெடிக்காமலும் இருப்பதே இவர்களுக்கெல்லாம் வசதி என்பது என் கணிப்பு.

2025 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனியும், 2015 ஒப்பந்தத்தால் நீங்கியிருந்த பழைய ஐ.நா. தடைகளை மீட்கும் விதியைக் கையிலெடுத்தன. செப்டம்பர் இறுதியில் தடைகள் திரும்பின. அவை செல்லாது என்று ரஷ்யாவும் சீனாவும் சொல்கின்றன. ஒரே தடையை ஒரு பாதி உலகம் சட்டம் என்றும் மறு பாதி வெற்றுத்தாள் என்றும் பார்க்கிறது. இந்தப் பிளவு ஏவுகணையைவிட மெதுவாகத் தாக்குவது. ஆனால் நம் ஆட்களின் வங்கிக் கணக்குவரை வந்து சேர்வது.

## எதை வைத்து எடைபோடுவது

சம்பளத்தை வேண்டுமென்றே கடைசியில் வைத்துவிட்டு, நான்கு கேள்விகளைக் கேட்கிறேன். அந்த நாட்டில் யாருடைய படைத்தளம் இருக்கிறது, அது வேலை செய்யும் இடத்துக்கு எவ்வளவு அருகில்? விமானம் நின்றுபோனால் வெளியேற வேறு வழி உண்டா? சம்பாதித்த பணம் சட்டப்படியான வழியில் வீடு வந்து சேருமா? இந்திய அரசின் எமிக்ரேஷன் கிளியரன்ஸும் காப்பீடும் அந்தப் பயணத்துக்கு உண்டா?

கடைசிக் கேள்வியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பு தேறாதவரின் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக அரசு அனுமதி கட்டாயமாக உள்ள 18 நாடுகளில் வளைகுடாவின் ஆறு அரபு நாடுகளும் உண்டு, ஈரான் இல்லை. பட்டியலில் இல்லாததைச் சிலர் சலுகை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அனுமதி தேவையில்லை என்றால், அந்த அனுமதியோடு கட்டாயமாக வருகிற 10 லட்ச ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும், இங்கே முன்கூட்டியே சரிபார்க்கப்படும் வேலை ஒப்பந்தமும் இல்லாமல் போகின்றன என்றே பொருள்.

| இடம் | படைத்தளம் | வான்வழி மூடினால் | பணம் வரும் வழி | கிளியரன்ஸ், காப்பீடு |
|---|---|---|---|---|
| ஈரான் தீவுகள் | அந்நியத் தளம் இல்லை. நாடே இலக்கு | ஆர்மேனியா, துர்க்மெனிஸ்தான் எல்லை, வெகுதூரம் | வங்கி வழி அடைப்பு, உண்டியல் | இல்லை |
| கத்தார், பஹ்ரைன், குவைத் | பெரிய அமெரிக்கத் தளங்கள் | பெரும்பாலும் சவூதி வழியே | சீரானது | உண்டு |
| அமீரகம் | அமெரிக்கத் தளம் உண்டு | ஓமான் எல்லை, ஃபுஜைரா துறைமுகம் | மிகச் சீரானது | உண்டு |
| ஓமான் | அமெரிக்கப் படை வந்துபோக ஒப்பந்தம் மட்டும் | அரபிக்கடல் துறைமுகங்கள் | சீரானது | உண்டு |
| சவூதி | உண்டு. நாடு பெரியது | செங்கடல் கரை | சீரானது | உண்டு |

## ஈரான் கரையும் கிஷ் தீவும்

கன்னியாகுமரி, தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்ட மீனவர்கள் ஈரான் படகுகளில் வேலை செய்வது புதிதன்று. 2020இல் கொரோனாவால் அங்கே சிக்கிக்கொண்டவர்களை ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து ஏற்றி, ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. அந்தப் பயணத்தில் 687 பேர். பங்கு முறை என்பதால் மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் அரபு நாட்டுக் கூலியைவிடக் கூடுதலாகக் கைக்கு வரும். படிப்பில்லாத, வயது கடந்த, கடலை மட்டுமே அறிந்த ஒருவருக்கு வேறு நாட்டில் கதவு திறப்பதும் கடினம். இதுதான் ஈரானின் பக்கம் நிற்கும் வாதம். அதில் பொய் இல்லை.

ஆனால் பங்கைக் கணக்கிட்டுக் கையில் தரும் நாளில்தான் தடையின் பாரம் தெரியும். ஈரான் ரியாலின் மதிப்பு 2025இல் ஒரு டாலருக்குப் பத்து லட்சத்தையும் தாண்டிச் சரிந்தது. ஈரான் வங்கிகள் உலகப் பணப்பரிமாற்ற வலையிலிருந்து பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே பணம் உண்டியலில்தான் வரும்: அங்கே ஒரு கடைக்காரர், துபாயில் ஒருவர், இங்கே வீட்டுக் கதவைத் தட்டும் ஒருவர். ஒவ்வொரு கையும் கழித்துக்கொள்ளும். எந்தக் கை ஏமாற்றினாலும் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க முடியாது, ஏனெனில் அந்த வழியே இந்தியச் சட்டப்படி குற்றம். வங்கியில் வரவே காட்டாத குடும்பத்துக்கு நாளை வீட்டுக் கடனோ படிப்புக் கடனோ கேட்கப் போனால் கையில் தாள் இருக்காது.

போர் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஜூனே சான்று. இந்திய அரசு ஆபரேஷன் சிந்து என்ற பெயரில் ஆட்களைத் தரை வழியே ஆர்மேனியாவுக்கும் துர்க்மெனிஸ்தானுக்கும் கொண்டுபோயும், மஷ்ஹத்திலிருந்து விமானத்தில் ஏற்றியும் மீட்டது. மூடியிருந்த தன் வான்வெளியை ஈரான் இந்தியர்களை ஏற்றிவரும் விமானங்களுக்காகத் திறந்துவிட்டது. அமெரிக்காவுக்கு இணங்கி 2019இல் ஈரான் எண்ணெயை நிறுத்திய இந்தியா, 2024இல் சாபஹார் துறைமுகத்துக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டு உறவை அறுக்காமல் வைத்திருந்ததன் பலன் அது என்று கொள்ளலாம். ஆயினும் அந்த மீட்பின் பாதைகள் வடக்கே இருந்தன. மாணவர்கள் படித்த ஊர்களுக்கு அவை எட்டின. தெற்கே கடலோரத்தில் படகிலேயே உறங்குகிற மீனவருக்கு மஷ்ஹத் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

அதே கடலில், அதே தொழிலை, பஹ்ரைனிலோ சவூதியின் ஜுபைலிலோ அமீரகத்திலோ செய்ய முடிகிறவர் ஈரானைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: அரபுப் படகில் போய் ஈரான் எல்லைக்குள் நுழைந்து பிடிபடும் தமிழ் மீனவர் கதை நம் கச்சத்தீவுக் கதையைப் போன்றதுதான். படகு முதலாளி எல்லை தாண்டச் சொல்வார். சிறைக்குப் போகிறவர் படகில் இருப்பவர்.

## கத்தார், பஹ்ரைன், குவைத்

இந்த மூன்றையும் ஒன்றாக வைக்கக் காரணம், மூன்றுமே சிறிய நாடுகள், மூன்றிலும் அமெரிக்கப் படை பெரிய அளவில் இருக்கிறது, மூன்றும் ஹோர்முஸுக்கு உள்ளே இருக்கின்றன. பஹ்ரைனில் அமெரிக்காவின் ஐந்தாம் கடற்படையின் தலைமையகம். கத்தாரின் அல் உதைத் தளத்தில் சுமார் 10,000 பேர். குவைத்தில் ஆரிஃப்ஜான் முகாம்.

அமெரிக்கத் தளம் இருந்தால் யாரும் தொடமாட்டார்கள் என்பது நீண்டநாள் நம்பிக்கை. 2025 ஜூன் 23 இரவு ஈரான் அல் உதைத் மீது ஏவுகணை வீசியது. முன்னறிவிப்பு இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. கத்தார், பஹ்ரைன், குவைத், அமீரகம் நான்கும் சில மணி நேரம் வான்வெளியை மூடின. செப்டம்பர் 9 அன்று, ஹமாஸ் தலைவர்களைக் குறிவைத்து இஸ்ரேல் தோஹா நகருக்குள்ளேயே குண்டு வீசியது. ஒரே ஆண்டில் அமெரிக்காவின் எதிரியும் தாக்கி, அமெரிக்காவின் நண்பனும் தாக்கிய நாடு கத்தார். அதன் பிறகே, கத்தார் மீதான தாக்குதலை அமெரிக்காவுக்கு எதிரானதாகக் கருதுவோம் என்று டிரம்ப் ஆணை பிறப்பித்தார். தளம் காக்கிறது என்பதும் உண்மை, தளமே இலக்காகிறது என்பதும் உண்மை. தேவிபட்டினத்துத் தந்தை கேட்க வேண்டியது, தோஹாவில் தளம் இருக்கிறதா என்பதைவிட, மகனின் தங்குமிடம் அதற்கு எவ்வளவு அருகில் என்பதைத்தான். அல் உதைத் தோஹாவின் தென்மேற்கே பாலைவனத்தில் இருக்கிறது; நகருக்குள் ஓட்டுநராக இருப்பவரின் நிலை வேறு, தளத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரி ஓட்டுநரின் நிலை வேறு.

அதிகம் பேசப்படாத ஆபத்து, குடிநீர். மூன்று நாடுகளும் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கின்றன. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைக் கண்ட நமக்கு அந்தத் தொழில் எவ்வளவு நொய்ந்தது என்பது தெரியும். அதே கடலின் கரையில் இருக்கும் புஷெர் அணுமின் நிலையம் டெஹ்ரானிலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல். குவைத் நகரிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர்தான். அது நேரடியாகத் தாக்கப்பட்டால் கதிர்வீச்சு பெருமளவில் வெளியேறும் என்று அணுசக்தி முகமையின் தலைவர் ரஃபேல் குரோசி ஜூன் போரின்போதே எச்சரித்தார். அந்தப் போரில் எவரும் அதைத் தொடவில்லை. அங்கே ரஷ்யப் பொறியாளர்கள் வேலை செய்வது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

வெளியேறும் வழியில் இந்த நாடுகளின் பலவீனம் பழையது. 1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது சுமார் 1,70,000 இந்தியர்கள் மீட்கப்பட்டனர். குவைத்திலிருந்து நேராகப் பறக்க வழியின்றி, பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மான் போய், அங்கிருந்துதான் விமானம் ஏறினார்கள். இன்று அப்படி நேர்ந்தால் சவூதிக்குள் நுழைய வேண்டும். அதற்குக் கையில் பாஸ்போர்ட் வேண்டும். கஃபீல், அதாவது விசா தந்த முதலாளி, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது அந்நாடுகளின் சட்டப்படியே தவறு. இன்றும் அது நடக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும், நல்ல நிறுவனத்தின் நேரடி விசா கிடைத்தால் கத்தாரை நான் ஒதுக்கமாட்டேன். மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம், முதலாளி தங்குமிடமும் உணவும் தராவிட்டால் அதற்கு மேலும் 500, 300 என்று சட்டமே வகுத்திருக்கிறது, முதலாளியின் என்.ஓ.சி. (ஆட்சேபனையில்லை என்ற சான்று) இல்லாமல் வேலை மாறலாம். குவைத் தினாரின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குவைத்தில் 2024 ஜூன் மாதம் மங்காஃப் குடியிருப்புத் தீ 45 இந்தியர்களின் உயிரைப் பறித்தது. அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். ஒரே அறையில் எத்தனை பேர் தங்கவைக்கப்படுகிறார்கள் என்று விசா வாங்கும் முன் கேட்பது, ஹோர்முஸ் செய்தியைப் படிப்பதைவிட அதிக உயிர்களைக் காக்கும்.

## அமீரகமும் ஓமானும்

அமீரகம் எல்லா வல்லரசுகளோடும் ஒரே நேரத்தில் வியாபாரம் செய்யக் கற்ற நாடு. அல் தஃப்ராவில் அமெரிக்கத் தளம், 2020இல் இஸ்ரேலோடு உறவு, 2024இல் ஈரானோடு ஒரே நாளில் பிரிக்ஸ் உறுப்பினர். செறிவூட்டலே செய்யமாட்டோம் என்று 2009இல் அமெரிக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கொரிய நிறுவனத்தைக் கொண்டு பராக்காவில் நான்கு உலைகளைக் கட்டிக்கொண்டது. இந்தத் தாராளம் முழுக்காப்பு அன்று: 2022 ஜனவரி 17 அன்று யேமனின் ஹூதிகள் அபுதாபியைத் தாக்கியபோது இறந்த மூவரில் இருவர் இந்தியர். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரடி விமானம், சீரான வங்கி, பக்கத்திலேயே ஓமான் எல்லை ஆகியவை இதன் பலம். விசிட் விசாவில் போய் வேலை தேடுவதுதான் பெரிய மறைமுகச் செலவு. கிளியரன்ஸும் காப்பீடும் அந்த வழியில் கிடையா.

ஓமானில் சம்பளம் குறைவு. உள்நாட்டினருக்கே வேலை என்று ஆண்டுதோறும் தொழில்களைப் பூட்டிக்கொண்டும் வருகிறார்கள். ஆனால் ஈரானும் அமெரிக்காவும் பேச உட்கார்ந்த இடம் அது. 2025 ஏப்ரல் 12 அன்று மஸ்கட்டில்தான் பேச்சு தொடங்கியது. இரு தரப்புக்கும் தேவைப்படும் நடுவரைத் தாக்குவதால் யாருக்கும் ஆதாயமில்லை. சலாலா, துக்ம் ஆகிய துறைமுகங்கள் ஹோர்முஸுக்கு வெளியே அரபிக்கடலைப் பார்த்திருக்கின்றன. அதே ஓமானின் முஸந்தம் பகுதியோ ஹோர்முஸின் வாசலிலேயே இருப்பதால், விசாவில் அங்குள்ள கசப் என்ற ஊரின் பெயர் இருந்தால் இந்த வாதம் பொருந்தாது. முதல் முறை போகும் இளைஞனுக்கு, வீட்டில் கடன் நெருக்காதபோது, தோஹாவைவிடச் சலாலாவே மேல். கடனை இரண்டே ஆண்டில் அடைத்தாக வேண்டும் என்றால் தோஹா.

## சவூதி

சவூதியை ஒரே இடமாக எண்ணக்கூடாது. தம்மாம், ஜுபைல் ஒரு கணக்கு. ஜித்தா, யன்பு இன்னொரு கணக்கு. 2019 செப்டம்பரில் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டது கிழக்கில். ஈரான்தான் செய்தது என்று சொன்ன அமெரிக்கா, அதற்காகப் போருக்குப் போகவில்லை. அந்தப் பாடத்தைச் சவூதி மறக்கவில்லை. 2023 மார்ச்சில் பெய்ஜிங்கில் ஈரானோடு சமாதானம் செய்தது; 2025 செப்டம்பர் 17 அன்று, அணு ஆயுதம் வைத்திருக்கும் பாகிஸ்தானோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது. ஈரான் குண்டு செய்தால் தாங்களும் செய்வோம் என்று பட்டத்து இளவரசர் 2018இலேயே சொல்லியிருக்கிறார். அடுத்த பத்தாண்டில் இந்தப் பூசல் எங்கே பரவும் என்று கேட்டால், என் விரல் சவூதியைத்தான் காட்டும். மேற்குக் கரையில் வேலை கிடைத்தால் இன்றைக்கு அது நல்ல தேர்வு.

## சிங்கப்பூர், அல்லது ஊரிலேயே

சிங்கப்பூரில் இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. அங்கே சுமை, ஏஜெண்டுக்குக் கொடுக்கும் முன்பணம். இந்தியச் சட்டப்படி பதிவுபெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசவும். ஊரிலேயே தொழில் செய்வதற்கும் விலை உண்டு: பாக் நீரிணையில் படகு பறிபோவதும், அதை மீட்க இயலாமல் கடன் ஏறுவதும்தான் பலரை ஈரான் விசாவை நோக்கித் தள்ளுகின்றன.

## ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு

நல்ல வேலையில் இருப்பவர் செய்திகளைக் கண்டு பயந்து ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வரத் தேவையில்லை. பாஸ்போர்ட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு, இக்காமா அல்லது பத்தாக்கா எனும் வசிப்பு அட்டையின் படத்தை வீட்டாருக்கும் அனுப்பி, இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகிவிடவும், போனபிறகும் சேரலாம். ஒரு மாதச் செலவுக்கான ரொக்கத்தை அறையில் வைத்திருக்கவும், ஏனெனில் 1990இல் குவைத் தினார் செல்லாத காசாகி, வங்கியில் பணம் வைத்திருந்தவர்களும் வெறுங்கையோடு அம்மானில் வரிசையில் நின்றார்கள். அதனால் அந்த ரொக்கத்தில் ஒரு பகுதியாவது டாலராக இருப்பது நல்லது.